கொழும்பில் குண்டு விழுந்த கதையை ஆச்சியிடம் கேட்பது எப்படி

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டில் எங்கள் ஆச்சிக்கு 1942இல் பத்து வயது. முதல் தடவை நான் கேட்ட விதமே தப்பு. "யுத்தம் எந்த வருஷம் ஆச்சி?" என்றேன். "வருஷமெல்லாம் யார் எண்ணினார்கள்" என்று வெற்றிலை இடிக்கப் போய்விட்டார்.

வருஷத்தைக் கேட்காதீர்கள், திருநாளைக் கேளுங்கள். ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கிய 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு, அதாவது ஈஸ்டர்; ஆச்சிக்கு அது பாஸ்கு. காலை எட்டு மணியை ஒட்டி, கோயிலுக்குப் போகும் நேரம். "அந்தப் பாஸ்குக்கு உங்கள் அப்பா எங்கே இருந்தார்?" என்றதும் ஆச்சிக்குப் பேச்சு வந்துவிட்டது: கொழும்புப் புறக்கோட்டையில் இருந்த கடை, கதவைப் போட்டுவிட்டு ஓடியது, தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்தது, தனுஷ்கோடியில் இறங்கும்போது கையில் ஒரே ஒரு தகரப்பெட்டி.

ஓலை முடையும் நேரத்தில் கேளுங்கள். கைக்கு வேலை இருந்தால் ஆச்சிமாருக்கு வாய் தானாகத் திறக்கும். போனைத் திண்ணையில் வைத்தால் கடற்காற்று மட்டும்தான் பதிவாகும். பாதி முடைந்த கொட்டானுக்குள், அதாவது ஓலைப்பெட்டிக்குள், துணி விரித்து, அதில் வையுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மத்தியானம் வீணாயிற்று.

கதைகள் கலக்கும். ஆச்சி சில சமயம் "எம்டன் போட்ட குண்டு" என்பார். எம்டன் ஜெர்மன் போர்க்கப்பல், சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவில். அப்போது ஆச்சி பிறக்கவே இல்லை, அவருடைய அம்மா சொன்னதாக இருக்கும். முகத்துக்கு நேரே திருத்தினால் கதை நின்றுவிடும். "குண்டு கடலிலிருந்து வந்ததா, வானத்திலிருந்தா?" என்று மட்டும் கேளுங்கள். பிரித்துச் சொல்லிவிடுவார்.

ஊரும் கலக்கும். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது பாஸ்குக்கு மறுநாள். திருகோணமலையில் அந்த வியாழன், 9ஆம் தேதி. கிழமை தெரிந்தால் எந்த ஊர்ச் செய்தி என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

எழுதும்போது ஆச்சி சொன்னபடியே எழுதி, தேதித் திருத்தத்தை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். அதோடு அடுத்த வீட்டிலும் கேளுங்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சித்தப்பா, தகரப்பெட்டி ஒன்றல்ல, இரண்டு என்கிறார். ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.