வீலுக்குள் வராத கான்ஃபிக் கோப்பு

வெள்ளிக்கிழமை மாலை, சிங்கப்பூரின் பாய லேபாரில் எங்கள் அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்த நேரம். பைத்தானில் எழுதிய எங்கள் பேக்கேஜ் என் லேப்டாப்பில் நன்றாக ஓடியது. சர்வரில் நிறுவியதும் ‘கோப்பு இல்லை’ என்று நின்றுவிட்டது. பாதை, அனுமதி எல்லாம் பார்த்தே ஒரு மணி நேரம் போனது.

அப்புறம்தான் வீலைத் திறந்து பார்க்கத் தோன்றியது. வீல் என்பது பைத்தான் பேக்கேஜை நிறுவுவதற்காகக் கட்டிவைக்கும் ஜிப் கோப்புதான். பட்டியலில் பழைய மூன்று கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்புகளும் இருந்தன, தம்பி ஒருவர் புதிதாகச் சேர்த்த நான்காவது இல்லை. பழையவற்றின் நீட்டிப்பு .ஒய்எம்எல் (.yml), புதியதன் நீட்டிப்பு .ஒய்ஏஎம்எல் (.yaml); இரண்டும் ஒரே வடிவம்தான். பேக்கேஜைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸில், எந்தத் தரவுக் கோப்புகளைச் சேர்ப்பது என்று சொல்லும் பேக்கேஜ்-டேட்டா வரியில் நான் *.ஒய்எம்எல் மட்டும்தான் எழுதியிருந்தேன். என் லேப்டாப்பில் எடிட்டபிள் முறையில் நிறுவியிருந்ததால் மூலக் கோப்புறையிலிருந்தே படித்திருக்கிறது. குறை தெரியவே இல்லை.

சரி, இரண்டு நீட்டிப்புகளையும் அந்த வரியில் சேர்த்தேன். பழைய பில்ட் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி கட்டியதும் கோப்பு உள்ளே வந்துவிட்டது. கோப்பைப் படிக்கும் நிரலும் இப்போது இரண்டையும் தேடும். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் பிழை காட்டி நிற்கும்; சத்தமில்லாமல் தவறான கோப்பை எடுப்பது இதைவிட மோசம்.

இந்த நீட்டிப்பு விஷயத்தில் எல்லாக் கருவிகளும் ஒன்றுபோல இல்லை. நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இரண்டையும் ஏற்கும். சர்வர்களில் செயலிகளை நிறுவ உதவும் ஹெல்ம் கருவியில் கோப்பின் பெயர் சார்ட்.ஒய்ஏஎம்எல் என்றுதான் இருக்க வேண்டும். இப்போது வீல் கட்டியவுடன் உள்ளிருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ஒரு படியை சிஐயில் (தானாக ஓடும் கட்டுமான, சோதனைப் படிகளில்) வைத்திருக்கிறேன்.