கடலோரப் பெருநகரில் பேக்பேக்கர் பயணம்: கட்டில் தேடுவது முதல் காலி செய்வது வரை

கடற்கரை நகரத்துக்குச் சிக்கனமாகப் போக நினைக்கிற பலரும் முதலில் தேடுவது கடலுக்குப் பக்கத்தில் ஒரு மலிவான இடம். கணக்கு தப்புவது அங்கேதான். பெரிய கடலோர நகரங்களில் கடலைப் பார்க்கப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். கடல் பக்கத்தில் தூங்கத்தான் கேட்பார்கள். அதனால் கட்டிலை ஓரிடத்திலும் கடலை இன்னோரிடத்திலும் வைத்துத் திட்டம் போடுங்கள். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு முதல் முறை கிளம்புகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் தேதி

இடத்தை முடிவு செய்யும் முன் தேதியைப் பாருங்கள். பலர் தங்கும் விடுதி அறையில் ஒரே கட்டிலுக்கு வெள்ளி, சனி இரவுகளில் ஒரு வாடகை, திங்கள், செவ்வாயில் வேறு வாடகை. ஞாயிறு போய் வியாழன் திரும்பினால் அதே பணத்தில் பெரும்பாலும் ஓர் இரவு கூடுதலாகத் தங்கிவிடலாம்.

கடலோர நகரங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சொகுசுக் கப்பல்கள். அதில் வருகிறவர்கள் கப்பலிலேயே தூங்குவதால் விடுதி வாடகை ஏறாது. ஆனால் பகலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பழைய நகரத்துக்குள் இறங்குவார்கள். எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்ற பட்டியலைப் பல துறைமுகங்கள் இணையத்தில் போடுகின்றன. கப்பல் நிற்கிற நாளில் பழைய நகரத்தை விட்டு வேறு பக்கம் போய்விடுங்கள்.

படி 2: எந்தப் பகுதி

பேக்பேக்கர் விடுதிகள் ஒரு நகரத்தில் கண்ட இடத்தில் முளைப்பதில்லை. கப்பலும் ரயிலும் வந்து நின்ற இடங்களில் மாலுமிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் மலிவான தங்குமிடங்கள் முதலில் வந்தன. சிட்னியின் கிங்ஸ் கிராஸ் இதற்கு நல்ல உதாரணம். கடற்படைத் தளத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் மாலுமிகள் புழங்கிய பகுதி அது. பிறகு பேக்பேக்கர்களின் பேட்டையானது. அப்புறம் வாடகை ஏறியது, அடுக்குமாடிகள் வந்தன, விடுதிகள் குறைந்தன. பல துறைமுக நகரங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். எனவே பழைய வழிகாட்டிகள் சொல்லும் ‘மலிவான பகுதி’ இன்றைக்கும் மலிவாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

என் கணக்கு எளிது. ரயில், மெட்ரோ அல்லது பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிட நடை. அங்கிருந்து கடற்கரைக்கு வண்டி மாறாமல் போக வேண்டும். அவ்வளவுதான். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் புக் செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். இரவு ஒரு டாக்ஸி எடுத்தால் அந்த நாள் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

வரைபடத்தில் தெரியாத ஒன்று ஏற்றம். லிஸ்பன், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் குன்றுகளின் மேல் ஏறி நிற்பவை. சிலியின் வல்பராய்சோவில் துறைமுகத்திலிருந்து குன்றின் மேலுள்ள தெருக்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லவே சாய்வு ரயில்கள் வைத்திருக்கிறார்கள். திரையில் 400 மீட்டர் என்று காட்டுவது நேரில் படிக்கட்டாக இருக்கலாம். வரைபடச் செயலியில் உள்ள தெருப் படங்களை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 3: விடுதியின் பக்கத்தை வாசிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். டார்ம் என்பது பலர் சேர்ந்து தூங்கும் அறை. வாடகை அறைக்கு இல்லை, கட்டிலுக்கு. இந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டுக்கு மேல் வயது. ஜெர்மனியில் ரிஷர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர், நடைப்பயணம் போகும் மாணவர்களுக்காக 1912-இல் அல்டேனா கோட்டையில் நிரந்தர விடுதி ஒன்றைத் தொடங்கினார். அன்று முதல் இன்றுவரை சூத்திரம் ஒன்றுதான்: அடுக்குக் கட்டில், பொது இடம், குறைந்த கட்டணம்.

அறையில் ஆட்கள் கூடக் கூட வாடகை இறங்கும். முதல் தடவைக்கு 6 பேர் அறை போதும் என்பேன். 12 பேர் அறையில் யாராவது ஒருவருக்கு விடியற்காலை விமானம் இருக்கும். அவர் இருட்டில் பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று மடிக்கும்போது அறை முழுக்க விழித்துக்கொள்ளும். பெண்களுக்கு மட்டுமான அறை வேண்டுமென்றால் அது தனியாகக் குறிப்பிட்டிருக்கும்.

படங்களில் கட்டிலை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை, விளக்கு, பிளக் இருக்கிறதா? லாக்கரில் முழுப் பையும் நுழையுமா, பர்ஸ் மட்டும்தானா? ஜன்னல் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கடலோரத்தில் தனி மதிப்பு. ஈரக் காற்றில் எட்டுப் பேரின் துண்டும் நீச்சல் உடையும் கட்டில் கம்பிகளில் தொங்குகிற அறையைக் கற்பனை செய்யுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி இருக்கிற விடுதி, ஒரு நட்சத்திரம் குறைவாக வாங்கியிருந்தாலும் எனக்கு மேல்.

ரிவ்யூக்களைப் புதியதிலிருந்து பழையதாக அடுக்குங்கள். சராசரி மதிப்பெண்ணை நம்பாமல் ‘மூட்டைப்பூச்சி’, ‘சத்தம்’, ‘பூட்டு’ ஆகிய சொற்களுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். பிறகு பணம்: படுக்கை விரிப்பு, துண்டு இவற்றுக்குத் தனிக் கட்டணமா? நகர வரி வரவேற்பில் தனியாகக் கட்ட வேண்டுமா? ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஒவ்வோர் இரவுக்கும் அப்படி ஒரு வரி உண்டு. வயது வரம்பு வைத்திருக்கும் விடுதிகளும், அதே ஊர்க்காரர்களைச் சேர்க்காத விடுதிகளும் இருக்கின்றன. இந்த விவரங்கள் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில்தான் கிடக்கும். முதலில் இரண்டு இரவு மட்டும் புக் செய்யுங்கள், பிடித்திருந்தால் நீட்டிக்கலாம்.

படி 4: பை

40 லிட்டர் பை போதும். விமான நிறுவனம் கைப்பைக்கு எத்தனை கிலோ அனுமதிக்கிறது என்று பார்த்து அதற்குள் அடக்குங்கள். சட்டென்று காயும் துணிகள், சொந்தப் பூட்டு, ரப்பர் செருப்பு, காதடைப்பான், கண்மூடி, ஈரத்துணிக்குத் தனியாக ஒரு பை. ஜீன்ஸ் வேண்டாம், கடல் காற்றில் அது காயவே காயாது.

படி 5: அறைக்குள் நுழைந்ததும்

பையைக் கட்டிலில் போடாதீர்கள். முதலில் கைபேசி விளக்கை அடித்து, மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் சட்டத்தின் இடுக்குகளையும் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள், உரிந்த தோல்கள், சிறு ரத்தக் கறைகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. உடனே வரவேற்பில் சொல்லி வேறு அறை கேளுங்கள். அதே அறையில் வேறு கட்டில் வாங்கிப் பயனில்லை. சந்தேகம் இருந்தால் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும்.

படி 6: ஊர் சுற்றல்

கடலோர நகரத்தில் நீங்கள் வாங்கக்கூடிய சிறந்த மலிவுச் சீட்டு, உள்ளூர் ஆட்கள் வேலைக்குப் போகும் படகின் சீட்டுதான். சுற்றுலாப் படகு காட்டும் காட்சியில் பெரும்பகுதியை அதுவும் காட்டும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகில் 1997 முதல் கட்டணமே இல்லை, சுதந்திர தேவி சிலையைக் கடந்துதான் போகிறது. ஹாங்காங்கின் ஸ்டார் ஃபெர்ரி 1888-இல் ஒரு பார்சிக்காரர் தொடங்கிய சேவை. இஸ்தான்புல்லில் பேருந்துக்குப் பயன்படும் அதே அட்டையைக் காட்டிப் படகில் ஐரோப்பாக் கரையிலிருந்து ஆசியக் கரைக்குப் போகலாம். கூட்டம் குறைந்த நண்பகலில் ஏறி, வெளித்தளத்தில் இடம் பிடியுங்கள்.

படி 7: தண்ணீரில் இறங்கும் முன்

உயிர்காப்பாளர் இருக்கும் கரையில், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்குங்கள். பல நாடுகளில் அதுவே கண்காணிப்புப் பகுதியின் அடையாளம். சிவப்புக் கொடி மட்டும் என்றால் இறங்கக் கூடாது. அலைகள் உடையாமல், இரண்டு பக்கமும் நுரைக்க நடுவில் மட்டும் கருமையாகவும் அமைதியாகவும் தெரியும் இடம் பாதுகாப்பானது என்று தோன்றும். பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கேதான் ஓடும். வேகம் நொடிக்கு 2 மீட்டர் வரை போகலாம். எந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வாருங்கள்.

தனியாகப் போனால் பாஸ்போர்ட்டும் பெரும்பணமும் லாக்கரில் இருக்கட்டும். அன்றைய செலவுக்குச் சில்லறை போதும்.

படி 8: அந்த ஊரில் உங்கள் இடம்

குறைந்த செலவில் வருகிற பயணியை எல்லா ஊரும் கையெடுத்து வரவேற்பதில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் 10,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் 2024-இல் அறிவித்தார். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை, வாடகை எகிறுகிறது என்பது அங்குள்ளவர்களின் குமுறல். என் பார்வையில் உரிமம் பெற்ற விடுதியில் ஒரு கட்டில் எடுப்பது, ஒரு குடும்பம் வாழக்கூடிய முழு வீட்டையும் எடுப்பதைவிட நியாயமானது. செலவும் குறைவு. அப்புறம், இரவு 11 மணிக்குத் தெருவில் நின்று சத்தமாகப் பேச வேண்டாம். மேல்மாடியில் இருப்பவருக்கு மறுநாள் காலை வேலை.

படி 9: கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்யும் நேரம் பொதுவாக 10 அல்லது 11 மணி. உங்கள் வண்டி இரவில் என்றால் பையை விடுதியிலேயே விட்டு வைக்கலாமா, மாலையில் வந்து குளிக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் சம்மதித்தால் கடைசிப் பகலிலும் கடலில் இறங்கலாம். இல்லையென்றால் உப்போடும் மணலோடும் இரவு வண்டியில் உட்கார வேண்டிவரும்.