சிறைத்துறை பட்ஜெட்டைப் படிப்பது எப்படி

மாநில பட்ஜெட்டில் சிறைத்துறைப் பக்கத்தைத் திறந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து நின்றுவிடாதீர்கள், நேராகச் சம்பளத் தலைப்புக்குப் போங்கள், ஏனென்றால் சிறைச் செலவில் பெரும்பங்கு ஆட்களுக்குத்தான் போகிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, ஆள் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிறையின் ஒரு வாசல் கேட்டை எடுத்துக்கொள்வோம். இரவும் பகலும் அங்கே ஒருவர் நிற்க வேண்டும் என்றால் வருடத்துக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கும் காவலருக்கு வருடத்துக்கு 2,080 மணி நேரம். விடுப்பு, பயிற்சி, உடம்பு சரியில்லாத நாள் என்று 280 போனால் மிச்சம் 1,800. வகுத்துப் பாருங்கள், ஒரே ஒரு கேட்டுக்குக் கிட்டத்தட்ட 5 பேர்! 3 ஷிஃப்ட், அதற்கு 3 பேர் என்று ஒதுக்கினால் மீதியை ஓவர்டைமில்தான் ஓட்டுவார்கள், தூக்கமில்லாத காவலரிடம் ஒரு பிளாக் முழுக்கக் கைதிகளை ஒப்படைப்பது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து. அதனால் ஓவர்டைம் செலவை மட்டும் 3 வருடம் பின்னோக்கிப் பாருங்கள், ஏறிக்கொண்டே வந்தால் ஆள் பற்றவில்லை என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் சேமிப்புக் கணக்கு. மறுவாழ்வுத் திட்டத்தால் கைதிகள் 50 பேர் குறைந்தால், ஒரு கைதியின் சராசரிச் செலவை 50 ஆல் பெருக்கி அவ்வளவும் மிச்சம் என்பார்கள், அது தப்பு. சாப்பாடு, மருந்துச் செலவுதான் உடனே குறையும். ஒரு பிளாக்கையே மூடினால்தான் சம்பளச் செலவு இறங்கும். சிறையில் அடைக்காமல் நன்னடத்தை நிபந்தனையில் வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவர் நன்னடத்தை அலுவலர், அவர் ஒருவர் எத்தனை பேரைக் கவனிக்கிறார் என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.