கோர்ட் கார்டியன் செலவு யார் தலையில்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப நீதிமன்ற வழக்கில் ஒரு தரப்பு மைனராக இருந்தால், அவருக்காக வழக்கு நடத்த ஒரு கார்டியன் வேண்டும். மனநோயால் தன் நலனைக் காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கும் இதே விதிதான். உறவில் தகுந்த ஆள் யாரும் முன்வராவிட்டால் நீதிமன்றம் தன் அலுவலர் ஒருவரையே நியமிக்கலாம். அந்தச் செலவை அரசு பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடுகிறார்களே, அதுதான் பெரிய தவறு.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளை, 4-ஆம் விதி இதை நீதிபதியிடம் விட்டிருக்கிறது. வழக்காடுபவர்கள் எல்லோரையுமோ ஒருவரை மட்டுமோ கட்டச் சொல்லலாம். மைனருக்குப் பாத்தியதை உள்ள பணம் நீதிமன்றத்தில் இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். மைனரின் சொத்திலிருந்தும் எடுக்கலாம். அதனால் நியமன மனு விசாரணைக்கு வரும் அன்றே, யார் எவ்வளவு கட்டுவது என்று உத்தரவில் எழுதிக் கேளுங்கள். இரு தரப்பு வருமான விவரத்தையும் கையோடு தாக்கல் செய்துவிடுங்கள். தீர்ப்புக்குப் பிறகு மல்லுக்கட்டுவது வீண். என்னைக் கேட்டால், சண்டை பெற்றோருடையது என்னும்போது பிள்ளையின் சொத்தில் கைவைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

மனைவிக்குத் தீராத மனநோய் என்று கணவர் விவாகரத்து கேட்கிறார், மனைவிக்கு வருமானம் இல்லை என்று வையுங்கள். இங்கே பலர் மாத ஜீவனாம்சம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வழக்குச் செலவையும் சேர்த்தே கேட்க வழி தருகிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இந்த மனுவை முடிந்தவரை முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கார்டியன் செலவையும் இந்த மனுவிலேயே தனி வரியாகக் காட்டலாம்.

அப்புறம், கட்டுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘நான்தானே பணம் தருகிறேன், என் பக்கம் பேசட்டும்’ என்று கார்டியனை நெருக்குவது. பணம் யார் பையிலிருந்து வந்தாலும் கார்டியன் பார்க்க வேண்டியது மைனரின் நலனை மட்டுமே. அவருக்கு நேரில் பணம் கொடுக்காமல் உத்தரவில் சொன்ன வழியில் கட்டி ரசீது வாங்குங்கள்.

பிள்ளையையோ சொத்தையோ பராமரிக்க 1890-ஆம் ஆண்டு கார்டியன்கள் சட்டப்படி (Guardians and Wards Act) நியமிக்கப்படும் கார்டியன் வேறு. அவருக்குப் படித்தொகை உண்டா, எவ்வளவு என்பதை 22-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் முடிவு செய்யும். அவராகப் பிள்ளையின் சொத்திலிருந்து வரும் வாடகைப் பணத்தில் கழித்துக்கொள்ள முடியாது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் அப்படிக் கிடைக்கும் வக்கீல் வேறு, கார்டியன் வேறு. வக்கீல் வந்துவிட்டார் என்பதற்காகக் கார்டியன் செலவு தானாகத் தீர்ந்துவிடாது.

சமரசத்தில் முடிகிற வழக்குகளில் இந்தக் கணக்கு சுலபமாக விட்டுப்போகும். மைனர் சம்பந்தப்பட்ட சமரசத்துக்கு எப்படியும் நீதிமன்ற அனுமதி வாங்கியாக வேண்டும். பாக்கிச் செலவு யாருடையது என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.