டாக், ஆம்ப் வாங்குமுன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக் கல்லூரித் தம்பி ஒருவன் போன வாரம் வந்தான். “அண்ணாச்சி, டாக் வாங்கி மாட்டினா பாட்டு ஜோரா கேக்குமாம்லா?” கையில் இருந்தது புளூடூத் ஹெட்போன். அதற்கு வேண்டிய டாக் (DAC, எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக்கும் கருவி), ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இரண்டும் அதற்குள்ளேயே இருக்கே! ஆகவே முதல் படி: உங்கள் ஹெட்போனில் ஒயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காசு மிச்சம்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். ஏட்டில் இருக்கும் எழுத்தைப் பாட்டாக்குபவர் புலவர். அதை ஊர்க்கோடி வரை கொண்டுபோவது மைக்செட். டாக் புலவர், ஆம்ப் மைக்செட். சிடி தரப் பாட்டு என்பது ஒவ்வொரு காதுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். அவற்றை மின் அலையாக மாற்றுவது டாக். அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கும் தெம்பைக் கொடுப்பது ஆம்ப். போனிலும் லேப்டாப்பிலும் இரண்டும் சின்னதாக ஏற்கெனவே உண்டு.

இரண்டாம் படி, ஹெட்போன் அட்டைப்பெட்டியில் ஓம் கணக்கை, அதாவது மின்தடை அளவைப் பாருங்கள். 32 ஓம் போட்ட சாதாரண இயர்போனுக்குப் பெரும்பாலும் போனே போதும். சென்ஹைசர் எச்டி 600 போல 300 ஓம் என்றால் கூடுதல் வோல்ட் கேட்கும். ஓம் மட்டும் பார்த்தால் பத்தாது. பக்கத்திலேயே, கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்லும் டெசிபல் கணக்கும் இருக்கும். அது 10 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு 10 மடங்கு பவர் வேண்டும்.

மூன்றாம் படி காதால். குத்துப்பாட்டு வேண்டாம், அது எதில் போட்டாலும் கத்தும். மெல்லப் பதிவான பழைய கச்சேரி ஒன்றைப் போடுங்கள். முக்கால் வால்யூமில் நிறைவாகக் கேட்டால் ஆம்ப் தேவையில்லை. முழுசாக வைத்தும் பத்தவில்லை, தவில் அடி விழும்போது கரகரக்கிறது என்றால் தேவை.

இரைச்சலையும் சோதியுங்கள். பாட்டை நிறுத்தி வால்யூமை ஏற்றினால் என் மேசை ஆம்பில் ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம் வரும். டாக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் கப்சிப்! குற்றவாளி கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி இரைச்சலை உள்ளே விடுவது.

ஆம்ப் ஒலியின் குணத்தையே மாற்றும் இடம் ஒன்று உண்டு: அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டில் உள்ள மின்தடை. அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். மீறினால் சில இயர்போன்களில் பேஸோ டிரெபிளோ கூடிக் குறையும்.

கடைசியாக, இரண்டு டாக்குகளை ஒப்பிடுவது. பலர் ஏமாறுவது இங்கேதான். துளி சத்தம் கூடினாலும் காது அதைத் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாகப் பிரியும் ஒயரில் ஒரு பக்கம் ஹெட்போன், மறுபக்கம் மல்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு டாக்கிலும் ஏசி வோல்ட் ஒரே அளவு காட்டும்படி வால்யூமை வையுங்கள். மீட்டர் முனைகள் உரசிக்கொள்ளக் கூடாது, ஆம்ப் போய்விடக்கூடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, எது எது என்று 10 தடவை சொல்லுங்கள்.

போன் டாங்கிளையும் (போனில் செருகும் குட்டி டாக்) நண்பரிடம் இரவல் வாங்கிய விலை கூடிய டாக்கையும் வைத்து நான் சரியாகச் சொன்னது 6. பூவா தலையா போட்டாலே 5 வரும். டாக்குக்கு எடுத்துவைத்த காசில் ஹெட்போனுக்குப் புது காது மெத்தை வாங்கினேன்.