அடி மணல் தெரிந்தால் போதுமா? ஸ்நார்கெலிங், டைவிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரையில் நின்று பார்த்தால் அடியில் கிடக்கும் சிப்பி வரை தெரிகிறது. "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு" என்று மாஸ்கை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். கழிவுநீரோடு வரும் பாக்டீரியாவும் வைரஸும் கண்ணுக்குத் தெரியாதவை. தெளிந்த நீரிலும் அவை இருக்கலாம். அலை மணலைக் கிளறியதால் கலங்கிய நீரில் கழிவே இல்லாமலும் இருக்கலாம். தெளிவை வைத்து மீன் எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

அடுத்தது மழை. இரவெல்லாம் கொட்டிவிட்டுக் காலையில் வெயில் அடித்ததும், நல்ல நாள் என்று கிளம்புபவர்கள்தான் அதிகம். தெரு, வயல், சாக்கடை, நிரம்பி வழியும் செப்டிக் டேங்க் என எல்லாவற்றையும் கழுவிய தண்ணீர் வடிகால் வழியாகவும் ஆற்று முகத்துவாரம் வழியாகவும் கடலுக்கு வந்து சேரும் நேரம் அது. கலிஃபோர்னியாவில் பெருமழைக்குப் பிறகு 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்று சுகாதார அலுவலகங்கள் சொல்வது இதனால்தான்.

நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் மேலாக மிதக்கும். மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்தபடி ஸ்நார்கெல் செய்பவரின் வாயும் காதும் கிடப்பது அந்த மேலடுக்கில்தான். டைவர் கீழே போய்விடுவார். ஆனால் இறங்கும்போதும் ஏறும்போதும் அதைக் கடந்தாக வேண்டும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டு நீரும் கலக்கும் இடத்தில், எண்ணெய் ஊற்றியது போல எல்லாம் நெளிந்து மங்கலாகத் தெரியும். முதல் தடவை நான் மாஸ்கில்தான் ஆவி படிந்துவிட்டது என்று நினைத்து, மூன்று முறை எச்சில் தடவிக் கழுவினேன். ஓரடி கீழே தலையை இறக்கியதும் காட்சி பளிச்சென்று ஆனது! கடலடி ஊற்று இருந்தாலும் இப்படித் தெரியும், சரி. ஆனால் மழைக்கு மறுநாள் என்றால் வெளியேறிவிடுவதே நல்லது.

அப்புறம், கடற்கரை அறிவிப்புப் பலகையில் இருக்கும் நீர்ச் சோதனை எண்ணை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்வது. கடல்நீரில் பொதுவாகத் தேடுவது மலக்கழிவு கலந்ததைக் காட்டும் என்டரோகாக்கை பாக்டீரியாவை, உப்பில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைவிட இது அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் 2012 வரையறைப்படி, 100 மில்லி நீரில் இதன் எண்ணிக்கை, பல மாதிரிகளின் பெருக்குச் சராசரியாக (ஜியோமெட்ரிக் மீன்), 35-ஐத் தாண்டக்கூடாது. வழக்கமான சோதனையில் பாக்டீரியா வளர்ந்து முடிவு தெரிய ஒரு நாள் ஆகும். ஆக, பலகை பேசுவது நேற்றைய நீரைப் பற்றி, சில இடங்களில் போன வாரத்து நீரைப் பற்றி. மாதிரி எடுத்த தேதியையும் இடத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் முழங்கால், இடுப்பளவு ஆழத்தில்தான் எடுக்கிறார்கள். நீங்கள் போகும் பவளத்திட்டு அங்கிருந்து வெகுதூரம் இருக்கலாம்.

நேரமும் முக்கியம். கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதம் வற்றும்போது கழிமுகத்து நீர் வெளியே இழுபடும். முகத்துவாரம் அருகில் இருந்தால் ஓதம் ஏறும் நேரத்தில் இறங்குங்கள்.

"நான் தண்ணீர் குடிப்பதில்லை" என்பார்கள். ஒரு டைவில் சராசரியாக 10 மில்லி அளவுக்கு விழுங்குகிறார்கள் என்பது டைவர்களிடம் நடந்த ஆய்வின் கணக்கு. பவளத்தில் கீறிய காயத்தோடு வெதுவெதுப்பான கழிமுக நீரில் இறங்குவது அதைவிட மோசம். விப்ரியோ வகைக் கிருமிகள் காயம் வழியாகவே உள்ளே போகும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது உயிராபத்து.

கெடுப்பவர்களில் நாமும் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் நின்று ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை) உதைத்தால், அடியில் படிந்த கிருமியும் சேறும் மேலே வரும்; அந்தச் சேறு பவளத்தின் மேலேயே படியும். சன்ஸ்கிரீன் விஷயத்தில், பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்ஸிபென்ஸோன் என்ற வேதிப்பொருள் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021-இல் தடை செய்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் பூச வேண்டிய அளவே குறையும். ஆனால் சன்ஸ்கிரீனை மாற்றிவிட்ட திருப்தியில் கழிவுநீரை மறந்துவிடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மழையே இல்லாத நாளில் வடிகாலிலிருந்து நீர் வழிந்தால், நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கடற்கரை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.