பி.எட். அடைவுத் தேர்வு ரெக்கார்டு: புளூபிரின்ட் முதல் வினாப் பகுப்பாய்வு வரை

பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கிய 2014 ஒழுங்குமுறையில், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பள்ளிப் பயிற்சிக்கு முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என ஒதுக்கியது. அந்தப் பயிற்சிக் காலத்தில் முடிக்க வேண்டிய ரெக்கார்டுகளில் பலரையும் தடுமாற வைப்பது அடைவுத் தேர்வு ரெக்கார்டு; நடத்திய பாடத்தை மாணவர் எவ்வளவு கற்றார் என்று அளக்கும் தேர்வைத் திட்டமிட்டு, நடத்தி, பகுத்தாய்ந்த பதிவேடு அது. பாடத்திட்டம் எழுதத் தெரிந்தவர்கூட இங்கே சறுக்குவார். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வினாத்தாளை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற புளூபிரின்டை (எந்தப் பாடப்பகுதியில், எந்த நோக்கத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று காட்டும் திட்ட அட்டவணையை) பிறகு உட்கார்ந்து ஜோடிப்பது. செய்முறைத் தேர்வில் தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டாலே அது வெளுத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஒன்பதாம் வகுப்பு அறிவியல், ‘இயக்கம்’ பாடம். 25 மதிப்பெண், 45 நிமிடம். உங்கள் பாடம் வேறாக இருந்தாலும் வழி இதுவே.

1. மூன்று எடைகளை முடிவு செய்யுங்கள்

நோக்கம், பாடப்பகுதி, வினா வகை. எடை என்றால் ஒதுக்கும் மதிப்பெண்; மூன்றிலும் கூட்டுத்தொகை 25 வர வேண்டும்.

நோக்கம்: அறிதல் 8, புரிதல் 10, பயன்படுத்துதல் 5, திறன் 2.
பாடப்பகுதி: தொலைவும் இடப்பெயர்ச்சியும் 5, வேகம், திசைவேகம், முடுக்கம் 8, இயக்கச் சமன்பாடுகள் 9, வட்ட இயக்கம் 3.
வினா வகை (இங்கே எண்கள் வினாக்களின் எண்ணிக்கை): ஒரு மதிப்பெண் கொள்குறி வினா 10, இரண்டு மதிப்பெண் குறுவினா 5, ஐந்து மதிப்பெண் நெடுவினா 1.

பாடப்பகுதிக்கான எடையை அதற்குச் செலவிட்ட பாடவேளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். புத்தகத்தில் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பயனில்லை, படங்களே பாதிப் பக்கத்தை அடைத்திருக்கும்.

2. புளூபிரின்ட் கட்டங்களை நிரப்புவது

இங்கேதான் நேரம் போகும். கணினியைத் திறக்காதீர்கள். பென்சில், அழிப்பான், கட்டம் போட்ட தாள் போதும். நான்கைந்து முறை அழிக்க வேண்டியிருக்கும், அதைத் தாளில் செய்வதுதான் வேகம்.

பெரிய வினாவை முதலில் வையுங்கள். ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுதான், பயன்படுத்துதலுக்கும் ஐந்துதான். எனவே அது இயக்கச் சமன்பாடுகள் வரிசையில், பயன்படுத்துதல் பத்தியில் உட்கார்ந்துவிடும். அடுத்தது திறன்: வரைபடம் வரையச் சொல்லும் ஒரு குறுவினா, வேகம் வரிசையில். மிச்சம் நான்கு குறுவினா. தொலைவு, வேகம், சமன்பாடு மூன்றிலும் புரிதலுக்கு ஒவ்வொன்று, வட்ட இயக்கத்தில் அறிதலுக்கு ஒன்று. கடைசியில் ஒரு மதிப்பெண் வினாக்களைக் கொண்டு ஓட்டைகளை அடையுங்கள். சிறியதில் தொடங்கினால் கடைசியில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்காமல் எல்லாவற்றையும் அழிக்க நேரும்.

முடிவில் வர வேண்டியது இது. அடைப்புக்குள் வினாக்களின் எண்ணிக்கை, வெளியே மதிப்பெண்:

தொலைவும் இடப்பெயர்ச்சியும்: அறிதல் 2(2), புரிதல் 3(2). மொத்தம் 5(4)
வேகம், திசைவேகம், முடுக்கம்: அறிதல் 3(3), புரிதல் 3(2), திறன் 2(1). மொத்தம் 8(6)
இயக்கச் சமன்பாடுகள்: அறிதல் 1(1), புரிதல் 3(2), பயன்படுத்துதல் 5(1). மொத்தம் 9(4)
வட்ட இயக்கம்: அறிதல் 2(1), புரிதல் 1(1). மொத்தம் 3(2)

மதிப்பெண் 25, வினா 16. குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் இரண்டும் அப்படியே வர வேண்டும். பலர் மதிப்பெண்ணை மட்டும் சரிபார்த்து, வினா எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். அடைப்புக்குள் எது, வெளியே எது என்ற குறிப்பை அட்டவணைக்கு அடியில் எழுதுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும்.

3. வினாவைச் சரியான நோக்கத்தில் வைப்பது

‘கணக்கு என்றால் பயன்படுத்துதல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதுதான் இந்த ரெக்கார்டில் அடிக்கடி காணும் பிழை. வகுப்பில் போட்ட கணக்கை அதே எண்களோடு கேட்டால் அது அறிதல். மாணவர் நினைவிலிருந்து எழுதுகிறார், அவ்வளவுதான். முதல் இயக்கச் சமன்பாட்டை வருவிக்கச் சொல்வதும் அப்படித்தான். கரும்பலகையில் ஏற்கெனவே வருவித்துக் காட்டியிருந்தால் அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் நினைவாற்றல் வேலை. சூழல் மாணவருக்குப் புதிதாக இருந்து, எந்தச் சமன்பாடு பொருந்தும் என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால்தான் பயன்படுத்துதல்.

நம் தாளுக்கு ஒரு வினா: ‘வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டியின் பிரேக்கைப் பிடித்ததும், அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் 2 மீ/வி வீதம் குறைகிறது. 20 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம். வண்டி அதற்குள் நிற்குமா? நிற்க எவ்வளவு நேரம் ஆகும்?’ நிற்க 5 வினாடி, அதற்குள் கடக்கும் தொலைவு 25 மீட்டர். நிற்காது. முடுக்கம் எதிர்க்குறி என்பதை வினா சொல்லவில்லை. அதை மாணவர் கண்டுபிடிக்க வேண்டும்.

‘அல்லது’ வினா தருவதானால் அதுவும் அதே பாடப்பகுதி, அதே நோக்கம், அதே மதிப்பெண். வட்ட இயக்கத்திலிருந்து ஒரு விளக்க வினாவை ‘அல்லது’ போட்டால், அதை எழுதும் மாணவர் வேறொரு புளூபிரின்டில் தேர்வு எழுதுகிறார் என்று பொருள்.

கொள்குறி வினாக்களில் தவறான விடைகள் மாணவர் உண்மையில் செய்யும் பிழைகளிலிருந்து வர வேண்டும். வட்டப் பாதையில் ஒரு முழுச் சுற்று வந்தவரின் இடப்பெயர்ச்சி என்ன? சுழி, சுற்றளவு, விட்டம், அரைச் சுற்றளவு. சுற்றளவைத் தேர்ந்தெடுப்பவர் தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் குழப்பிக்கொள்கிறார் என்று உடனே தெரியும். ‘மேற்கண்ட அனைத்தும்’ வேண்டவே வேண்டாம்.

4. விடைக்குறிப்பும் நேரமும்

நெடுவினாவின் மதிப்பெண்ணை உடைத்து எழுதுங்கள்: எதிர்க்குறியோடு தரவு 1, நேரம் 2, தொலைவும் முடிவும் 2. அலகு விட்டால் அரை குறைப்பதா இல்லையா என்பதைத் திருத்தும்முன் முடிவு செய்யுங்கள். நேரக் கணக்கு: கொள்குறிக்கு 10 நிமிடம், குறுவினாவுக்கு 20, நெடுவினாவுக்கு 10, சரிபார்க்க 5.

வினாவாரிப் பகுப்பாய்வுத் தாள் (எண், பாடப்பகுதி, நோக்கம், வகை, மதிப்பெண், நேரம்) வெறும் எழுத்து வேலை. புளூபிரின்ட் சரியாக இருந்தால் அரை மணி நேரம்.

5. மதிப்பெண் புள்ளியியல்

40 மாணவர், உயர்ந்த மதிப்பெண் 24, குறைந்தது 4 என்று கொள்வோம். வீச்சு 20. இடைவெளி 3 எடுத்தால் 3–5, 6–8 என்று தொடங்கி 24–26 வரை எட்டுப் பிரிவுகள்; போதும்.

இடைநிலை அளவு காணும்போது 12–14 பிரிவின் கீழ் எல்லை 12 அல்ல, 11.5. இதை மறந்தால் விடை சரியாக அரை மதிப்பெண் கூடிவிடும். ரெக்கார்டைப் புரட்டும் அனுபவசாலிக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான்.

எக்செல் தரும் சராசரியும் நிகழ்வெண் பட்டியலிலிருந்து வரும் சராசரியும் சற்று வேறுபடும். பயப்பட வேண்டாம், பிழை இல்லை. பட்டியலில் ஒரு பிரிவிலுள்ள எல்லாரையும் நடு மதிப்பில் வைத்துக் கணக்கிடுகிறோம். திட்டவிலக்கம் வேறுபட்டால் இன்னொன்றையும் பாருங்கள்: எக்செலில் 40ஆல் வகுக்கும் சார்பும் உண்டு, 39ஆல் வகுப்பதும் உண்டு. வகுப்பு முழுவதையும் எடுத்திருப்பதால் 40ஆல் வகுப்பதே பொருத்தம்.

6. வினாப் பகுப்பாய்வு

ஒவ்வொரு வினாவும் எவ்வளவு கடினம், நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்று பார்ப்பதே இது. விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து 27 விழுக்காடு, கீழிருந்து 27 விழுக்காடு எடுங்கள். இந்த 27, அமெரிக்க உளவியலாளர் கெல்லி 1939இல் காட்டிய கணக்கு: இரு குழுவும் போதிய அளவு பெரிதாகவும், ஒன்றுக்கொன்று போதிய அளவு விலகியும் இருக்கும் இடம் அது. 40 பேருக்கு 10.8, அதாவது 11.

ஒரு வினாவை மேல் குழுவில் 9 பேர், கீழ்க்குழுவில் 4 பேர் சரியாக எழுதியிருந்தால்:

கடினத்தன்மைக் குறியீடு = (9 + 4) ÷ 22 = 0.59
பிரித்தறியும் குறியீடு = (9 − 4) ÷ 11 = 0.45

முதல் குறியீட்டின் பெயரே ஆளை ஏமாற்றும். எண் கூடக்கூட வினா எளிது. 0.9 வந்த வினாவை ‘மிகக் கடினம்’ என்று எழுதி வைப்பவர் ஆண்டுதோறும் உண்டு. இரண்டாவதில் 0.40க்கு மேல் நல்ல வினா, 0.20க்குக் கீழ் நீக்கவோ மாற்றியெழுதவோ வேண்டியது. எதிர்க்குறி வந்தால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். பாதி நேரம் தவறான விடையைச் சரி என்று குறித்திருப்போம். அதுவும் சரியென்றால் வினாவுக்கு இரண்டு பொருள் இருக்கும். நன்றாகப் படித்தவர் அதிகம் யோசித்து மாட்டிக்கொண்டிருப்பார்.

நல்ல எண்கள் வர வேண்டும் என்று மதிப்பெண்ணைத் திருத்தாதீர்கள். பதினாறு வினாவும் 0.40க்கு மேல் வந்த ரெக்கார்டுதான் சந்தேகத்துக்கு இடமானது. இரண்டு மோசமான வினாவை ஒப்புக்கொண்டு, மாற்றியெழுதிய வடிவத்தையும் பக்கத்தில் வைத்தால் வாய்மொழித் தேர்வில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் இரண்டு சந்தேகங்கள்

இரண்டு மதிப்பெண் வினாவில் ஒருவர் 1 வாங்கினால் சரியா தவறா? இரண்டும் இல்லை. தலைகளை எண்ணாமல் மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். மேல் குழு மொத்தம் 18, கீழ்க்குழு 7 என்றால் கடினத்தன்மை 25 ÷ 44 = 0.57, பிரித்தறிதல் 11 ÷ 22 = 0.50.

பதினோராவது இடத்தில் மூன்று பேருக்கு ஒரே மதிப்பெண் என்றால்? மூவரில் யாரை எடுப்பது என்பதற்கு ஒரு விதி வைத்து (பதிவேட்டு எண் வரிசை போதும்) அதை ரெக்கார்டில் ஒரு வரி எழுதுங்கள். மேலே 13, கீழே 11 என்று மட்டும் எடுக்காதீர்கள். சூத்திரம் இரு குழுவும் சமம் என்று கருதியே எழுதப்பட்டது. வகுப்பில் 20 பேர்தான் என்றால் 27 விழுக்காட்டை விட்டுவிட்டு மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பத்துப் பத்தாகப் பிரிப்பதே நல்லது.